ஜப்பான் சங்கத் தலைவருக்கு ஓர் அவசரத் தந்தி

ஹட்டன்,
21.09.1999

அன்புள்ள தம்பி அருளம்பலத்துக்கு,

அண்ணன் குணரத்தினம் எழுதிக்கொள்வது. ஹட்டன் மழைக்குள் நானும் உன் அண்ணி இராஜகுமாரியும் நலம். வவுனியா வெயிலுக்குள் நீயும் உன் வீட்டாரும் நலமாயிருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் அடுத்த வாரம் நீ கொஞ்சம் சுகமில்லாமல் போக வேண்டியிருக்கிறது. அதை விளக்கமாகச் சொல்லத்தான் இந்தக் கடிதம். முந்தாநாள் டெலிபோனில் சொல்லப் பார்த்தேன். லைனில் ஒரே இரைச்சல். நான் ‘தந்தி, தந்தி’ என்று கத்தினேன், நீ ‘ஓம், ஓம்’ என்றாய், பிறகு லைன் அறுந்துவிட்டது. எதற்கு ஓம் சொன்னாய் என்று உனக்கே தெரிந்திராது.

விஷயம் இதுதான். உன் அண்ணன் இப்போது மத்திய மலைநாட்டு ஜப்பான் மொழி ஆசிரியர் தொழில்வாண்மைச் சங்கத்தின் தலைவர். பெயரின் நீளத்தைப் பார்த்தாயா? வட்டமான ரப்பர் முத்திரை ஒன்று செய்யக் கொடுத்தோம். பெயர் வட்டத்தைச் சுற்றி வந்து தன் வாலையே மிதித்துக்கொண்டு நிற்கிறது, ‘சங்கம்’ என்ற சொல்லுக்கு இடமில்லை. எனக்கு ஜப்பான் மொழியில் ஒரு சொல்லும் தெரியாது என்பது உனக்குத் தெரியும். தெரியாத மொழிக்கு எப்படித் தலைவர் என்று கேட்பாய். இந்தப் பக்கம் ஒரு சங்கம் தொடங்கினால் முதலில் தேடுவது ஓய்வுபெற்ற அதிபர் ஒருவரைத்தான். நான் மரக்கறி வியாபாரிகள் சங்கத்துக்கும் தலைவர், காற்பந்துக் கழகத்துக்கும் தலைவர், முச்சக்கரவண்டிச் சாரதிகள் சங்கத்துக்கும் தலைவர். கோவா, கரட் விற்றதில்லை, பந்தை உதைத்ததில்லை, முச்சக்கரவண்டியில் பின்னால் ஏறி இருந்ததோடு சரி. ஒரு குறையும் வரவில்லை. தலைவருக்கு வேண்டியது ஒரு வேட்டி, ஒரு சால்வை, நன்றியுரை முடியும்வரை நித்திரை கொள்ளாமல் இருக்கும் திறமை. இவ்வளவுதான்.

ஆனால் இந்தச் சங்கத்துக்கு என்னைப் பிடித்ததற்கு வேறு ஒரு காரணமும் உண்டு. இங்கே ஜப்பான் மொழி படிப்பிக்கிறவர்கள் மொத்தம் மூன்று பேர். மூவரும் மற்ற இருவர் பேசுவதை ஜப்பான் மொழி என்று ஒத்துக்கொள்வதில்லை. யோகேஸ்வரன் ஜப்பானில் இரும்புத் தொழிற்சாலையில் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று மொழி பழகியவன், இப்போது ஹட்டன் பஸ் நிலையத்துக்கு அருகே ஒரு பேக்கரியின் மேல்மாடியில் வகுப்பு நடத்துகிறான். அவன் சாதாரணமாகக் ‘காலை வணக்கம்’ சொன்னாலும் யாருக்கோ கை மெஷினுக்குள் அகப்பட்டுவிட்டது என்று பயமாயிருக்கும். ரோகினி பல்கலைக்கழகத்தில் முறையாகப் படித்துவிட்டு நுவரெலியாவில் ஒரு பாடசாலையில் கற்பிக்கிறவர், அவருடைய வாக்கியத்தில் மரியாதைச் சொற்கள் எல்லாம் வந்து ஆசனத்தில் அமர்ந்த பிறகுதான் விஷயம் வரும். அழகன் பட்டிப்பொலவில் பறவை பார்க்க வரும் ஜப்பான்காரருக்கு வழிகாட்டி. பறவையைப் பற்றி அந்த மொழியில் ஒரு மணித்தியாலம் கதைப்பான், பறவை பறந்து போய்விட்டால் கொஞ்சம் தடுமாறுவான். இவர்களுக்குள் நியாயம் சொல்ல, மூன்று ஜப்பான் மொழியில் ஒன்றும் தெரியாத நடுநிலையாளர் ஒருவர் வேண்டியிருந்தார்.

யோகேஸ்வரன் வீட்டுக்கு வந்து சொன்னான், “சேர், உங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுங்கிறதுதான் எங்களுக்கு நிம்மதி. நீங்க சும்மா வந்து உக்காந்தா போதுங்க.” இவ்வளவு மரியாதையாக யாரும் என்னை அழைத்ததில்லை என்பதால் சம்மதித்துவிட்டேன்.

யோகேஸ்வரன் செயலாளர், ரோகினி பொருளாளர், அழகன் உபதலைவர். உறுப்பினராக இருக்க ஆள் மிஞ்சவில்லை. ஒருவர் பிரேரணை கொண்டுவருவார், ஒருவர் வழிமொழிவார், மூன்றாமவர் எதிர்த்தே தீருவார். அடுத்த பிரேரணைக்கு அவர்கள் இடம் மாறிக்கொள்வார்கள். விருந்தினரைக் கண்டால் எவ்வளவு குனிய வேண்டும் என்று ஒரு கூட்டம் முழுக்க விவாதம் நடந்தது. ரோகினி இடுப்பு மடிய வேண்டும் என்றார், யோகேஸ்வரன் “தொழிற்சாலையில அவ்வளவு குனிஞ்சா தலை மெஷினுக்குள்ள போயிருமுங்க” என்றான், அழகன் கழுத்தில் தொங்கும் தூரநோக்கி நிலத்தில் இடிக்காத அளவு என்றான். கடைசியில் நான் கைகூப்பி வணக்கம் சொன்னால் போதும் என்று தீர்ப்பளித்தேன். மூவரும் சேர்ந்து எதிர்த்தார்கள். சங்க வரலாற்றில் ஏகமனதாக நிறைவேறிய ஒரே தீர்மானம் அதுதான்.

தம்பி, இப்படி எழுதுவதை வைத்துச் சங்கம் விளையாட்டுக்கு நடக்கிறது என்று நினைத்துவிடாதே. டிசம்பரில் நடக்கும் ஜப்பான் மொழிச் சோதனை கொழும்பில் மட்டும்தான். போன வருடம் இங்கிருந்து சில பிள்ளைகள் இரவு ரயிலில் போனார்கள். விடியற்காலையில் இறங்கிய கையோடு சோதனைச் சாவடியில் மறித்து, பெயரையும் தோட்டத்து விலாசத்தையும் பார்த்து, ஏன் வந்தாய், யாரிடம் வந்தாய் என்று கேட்டு ஒரு மர வாங்கில் இருத்திவிட்டார்கள். ஜப்பான் மொழியில் சோதனை எழுத வந்தோம் என்று பிள்ளைகள் சொன்னது அங்கே ஒருவருக்கும் நம்பக்கூடிய கதையாகத் தெரியவில்லை. விட்டபோது சோதனை முடிந்து மண்டபத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வாங்கில் இருந்தவர்களில் சண்முகவடிவு என்று ஒரு பிள்ளை. தாய் அழகம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். நுவரெலியாவில் ஒரு ஓட்டலில் ஜப்பான் விருந்தாளிகளைக் கவனிக்க ஆள் வேண்டும், இந்தச் சோதனை பாஸானால் தை மாதம் வேலை என்று சொல்லியிருக்கிறார்கள். இல்லாவிட்டால் கொழும்பில் யாரோ வீட்டில் சமையலுக்கு அனுப்பத் தகப்பன் பேசி வைத்திருக்கிறான். மறுபடி கொழும்புக்குச் சோதனை எழுதப் போவாயா என்று கேட்டேன். “சேர், அந்த வாங்குல இன்னொரு தடவ உக்கார மாட்டேங்க” என்றது. அதனால்தான் ஹட்டனிலேயே ஒரு பரீட்சை நிலையம் கேட்டுச் சோதனை நடத்தும் கொழும்பு ஜப்பான் அமைப்புக்கு எழுதினோம். சங்கம் தொடங்கியதே அதற்குத்தான், தனி ஆட்கள் கேட்டால் கொடுக்கமாட்டார்களாம்.

பதில் வந்தது. மொரிட்டா என்ற அதிகாரி நேரில் வந்து பார்ப்பார், பார்க்க விரும்புவது தலைவர் அவர்கள் நடத்தும் வகுப்பு ஒன்றை. ரோகினி இதை மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார். ஜப்பான்காரருக்குச் சங்கத் தலைவர் என்றால் எல்லோரிலும் மொழி தெரிந்த மூத்த ஆசிரியராம். நான் சொன்னேன், உண்மையைச் சொல்லிவிடுவோம், இந்தப் பக்கத்து வழக்கம் இது என்று விளக்குவோம். யோகேஸ்வரன், “எப்படிங்க வெளக்குறது? மொழி தெரியாதவர்தான் எங்களுக்குத் தலைவருன்னு சொன்னா, அந்த மனுசன் அடுத்த ரயில்லயே போயிருவாரு” என்றான். அவன் சொன்னது நியாயமாகத்தான் பட்டது.

பிறகு மூன்று பேரும் எனக்கு ஜப்பான் மொழி படிப்பிக்கத் தொடங்கினார்கள். மூவரும் ஒரே நேரத்தில். ரோகினி என் பெயரை அடக்கமாகச் சொல்லப் பழக்குவார். அவர் போனதும் யோகேஸ்வரன் வந்து “இதெல்லாம் யாரும் பேசுறதில்லீங்க” என்று அதை அழித்துவிட்டு வேறு பழக்குவான். அழகன் என்னை ஜன்னலுக்குக் கூட்டிப்போய் மின்கம்பியில் இருந்த மைனாவைக் காட்டிப் படிப்பிப்பான். இரண்டு வாரத்தின் முடிவில் எனக்குப் பிடிபட்டவை மூன்று வாக்கியங்கள். ஒன்று, தங்களைச் சந்தித்ததில் பெருமகிழ்ச்சி. இரண்டு, கையை எடு. மூன்று, சத்தம் போடாமல் மேலே பாருங்கள், பெட்டைப் பறவை வருகிறது. இவற்றில் எது எது என்பது மட்டும் அடிக்கடி மாறிப்போகும். உன் அண்ணி குசினிக்குள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “உங்களுக்கு இந்த வயசில உது தேவையோ? பேசாமல் கோயிலுக்குப் போய்வாற மனுசர் எத்தினை பேர் இருக்கினம்” என்றாள்.

மொரிட்டா வந்தார். நல்ல மனுசன், மெலிந்தவர், குடையை மடித்துக் கையில் பிடித்தபடி ரயிலிலிருந்து இறங்கினார். மாலை போட்டோம், பொன்னாடை போர்த்தினோம், குத்துவிளக்கு ஏற்றினோம், வரவேற்புரை நிகழ்த்தினோம். ஜப்பான் முறைப்படி காலணியைக் கழற்ற வேண்டும் என்று ரோகினி சொன்னதால், பேக்கரியின் படியடியில், தெருவோரத்திலேயே எல்லோரும் கழற்றிவிட்டுத்தான் மேலே போனோம். அரைமணித்தியாலத்தில் ஹட்டன் தன் வழக்கமான மழையைக் கொட்டியது. அவருடைய சப்பாத்து இரண்டிலும் விளிம்புவரை தண்ணீர். அடுத்தது தேநீர். ஜப்பான்காரருக்குப் பச்சைத் தேயிலைதான் பிடிக்கும் என்று அழகன் தோட்டத்து மலையிலிருந்து பச்சைக் கொழுந்தைப் பிடுங்கி வந்து அப்படியே அவித்துவிட்டான். தேயிலைக்குள்ளே பிறந்து வளர்ந்தவன், தம்பி. கொடுத்ததை மிச்சம் வைக்கக்கூடாது என்பது அவர்கள் மரியாதையாம், அவர் கண்ணை மூடிக்கொண்டு குடித்து முடித்தார். விருந்தாளியின் கோப்பை வெறுமையாக இருக்கக்கூடாது என்பது எங்கள் மரியாதை, அழகன் உடனே நிரப்பினான். இரண்டு மரியாதையும் விட்டுக்கொடுக்கவில்லை. அவித்த தண்ணீர் முடிந்தபிறகுதான் அந்த மனுசனுக்கு விடுதலை கிடைத்தது.

பிறகு வகுப்பு. பிள்ளைகள் எழுந்து வணங்கிவிட்டு அமர்ந்தார்கள். மொரிட்டா பின்வாங்கில் கொப்பியும் பேனையுமாக. நான் கரும்பலகைக்கு முன்னால் போய் நின்றேன். பழகிய மூன்று வாக்கியமும் ஒன்றாய்த் தொண்டைக்கு வந்தன. எது பெருமகிழ்ச்சி, எது பெட்டைப் பறவை என்று பிரித்தறிய முடியவில்லை. வாயைத் திறந்தால் எல்லாம் போய்விடும் என்று தெரிந்தது. வேறு வழி தெரியாமல், முப்பது வருடம் பாடசாலை நடத்தியவன் கை தானாகப் போய்க் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கியது. அதற்கு மேலால் பிள்ளைகளைப் பார்த்தேன். அந்தப் பார்வை உனக்குத் தெரியும். சின்ன வயதில் ஐயாவின் சுவர்மணிக்கூட்டை உடைத்ததை, ஒருவரும் கேளாமலே நீ ஒத்துக்கொண்டது அந்தப் பார்வைக்குத்தான்.

ஒரு வாங்கில் சண்முகவடிவு மெல்ல எழுந்து ஜப்பான் மொழியில் தன் பெயரும் தோட்டமும் சொன்னது. அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளை பயந்துபோய்த் தகப்பன் தாய் விபரமும் சொன்னது. நான் அடுத்த வாங்குக்குத் திரும்பினேன். அங்கிருந்த பையன் எழுந்து எதையோ சொன்னான், நான் கண்ணை எடுக்கவில்லை. அவன் யோசித்து, சொன்னதைத் தானே திருத்தி மறுபடி சொன்னான். அவன் திருத்தியது பிழை என்று மூன்றாவது பிள்ளை எழும்பியது. பிறகு அவர்களுக்குள்ளே விவாதம், மழையைப் பற்றி, பேக்கரியிலிருந்து வரும் பாண் வாசனையைப் பற்றி, எல்லாம் ஜப்பான் மொழியில். எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. நான் செய்ததெல்லாம் ஒருவரை இருத்தி இன்னொருவரை எழுப்பியதுதான். ரோகினி கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்டபடி நின்றதைக் கண்டேன்.

இதோடு முடிந்திருந்தால் நான் உன்னைச் சுகமில்லாமல் ஆக்க வேண்டி வந்திராது. முடிவில் மொரிட்டா எழுந்து என்னிடமே நேராக ஒரு கேள்வி கேட்டார். நீளமான கேள்வி. எனக்கு இருந்தது ஒரே ஆயுதம். கண்ணாடிக்கு மேலால் அவரைப் பார்த்தேன். அவர் கொஞ்சம் திகைத்தார், தொண்டையைச் செருமினார், பிறகு மெல்ல மெல்ல ஏதோ பதில் சொன்னார். தன் கேள்விக்குத் தானே. நான் இன்னும் பார்த்துக்கொண்டேயிருந்தேன். அவர் சொன்னதில் ஓரிடத்தைத் திருத்தினார், குனிந்து வணங்கினார், இருந்துவிட்டார். எத்தனை வருடமாக இந்த முறையில் கற்பிக்கிறீர்கள் என்று கேட்டாராம். இது வருடக் கணக்கில் வருவதல்ல, ஆயுள் முழுக்க வேண்டும் என்று தானே விளங்கிக்கொண்டாராம். பிறகு யோகேஸ்வரன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இப்போது வினை என்னவென்றால், அவர் கொழும்புக்குப் போய் என்னைப் பற்றி எல்லோரிடமும் சொல்லிவிட்டார். ஆசிரியர் வாயே திறவாமல் மாணவரை முழு நேரமும் பேச வைக்கும் முறை, எந்த நாட்டிலும் இப்படிப் பார்த்ததில்லை என்று எழுதியிருக்கிறார். ஹட்டனுக்குப் பரீட்சை நிலையம் உண்டு. அனுமதிக் கடிதத்தை அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை, நாடு முழுவதும் உள்ள ஜப்பான் மொழி ஆசிரியர்களின் மாநாட்டில், என் சிறப்புரை முடிந்தவுடன் மேடையில் வைத்து என் கையிலேயே தருவார்களாம். உரை நாற்பத்தைந்து நிமிடம். ஜப்பான் மொழியில்.

தம்பி, மூன்று வாக்கியத்தை நாற்பத்தைந்து நிமிடத்துக்கு எப்படி இழுப்பது? நான் அகப்பட்டுவிட்டால் நிலையமும் போகும், சங்கத்தின் பெயரும் போகும், இனி எந்தக் காலத்திலும் ஹட்டனுக்கு ஒன்றும் தரமாட்டார்கள். போகாமல் விட்டால் இந்த வருடம் மட்டும் தவறும், அடுத்த வருடம் பார்க்கலாம். இரண்டையும் நிறுத்துப் பார்த்துத்தான் உன் உதவியைக் கேட்கிறேன். அடுத்த வாரம் வியாழக்கிழமை எனக்கு ஒரு தந்தி அடி. அருளம்பலம் கடுமை, உடனே வரவும். அவ்வளவு போதும். தபால் கந்தோரில் காலம் முழுக்க இருந்தவனுக்கு வாசகம் சொல்லித்தரத் தேவையில்லை. தயவு செய்து இறந்துவிட்டதாக மட்டும் அடித்துவிடாதே. யோகேஸ்வரன் உடனே அனுதாபத் தீர்மானம் கொண்டுவந்து, கறுப்புப் பட்டியோடு துண்டுப்பிரசுரம் அடித்து, வான் ஒன்று பிடித்து மற்ற இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு வவுனியாவுக்கு வந்து நிற்பான். வந்தவர்களுக்கு நீயே கதவு திறக்க வேண்டி வரும். நெஞ்சுவலி என்று வைத்துக்கொள், நீரிழிவு என்றால் இந்தக் காலத்தில் ஒருவரும் அசையமாட்டார்கள். உன் மனைவியிடமும் சொல்லி வை, யாரும் டெலிபோன் எடுத்தால் குரல் கொஞ்சம் தழுதழுத்திருக்கட்டும்.

உன் உடம்பைக் கவனமாகப் பார்த்துக்கொள், இதைக் கடிதத்துக்காக எழுதவில்லை, உண்மையாகவே சொல்கிறேன். வெயிலில் திரியாதே, இளநீர் குடி. பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி. நல்லூரான் உனக்கு நீண்ட ஆயுளும், வியாழக்கிழமை மட்டும் கொஞ்சம் வருத்தமும் தரட்டும்.

இப்படிக்கு,
உன் அன்பு அண்ணன்,
சி. குணரத்தினம்
(ஓய்வுபெற்ற அதிபர்)

பி.கு.: கடிதத்தைப் போடத் தபால் கந்தோருக்கு நடந்தபோது பேக்கரி வாசலில் சண்முகவடிவு நின்றது. “சேர், ஓட்டல்ல கேட்டாங்க, பரீச்ச எங்கேன்னு. ஹட்டன்லதான்னு சொல்லிட்டேங்க. அம்மாவும் தோட்டத்து லயத்துல எல்லாருக்கும் சொல்லிருச்சு. சரிதானுங்களே?” என்றது. அந்தப் பிள்ளைக்கு அடுத்த வருடம் என்று ஒன்று இல்லை என்பது வீட்டில் இருந்து கணக்குப் போட்டபோது எனக்கு உறைக்கவில்லை. கண்ணாடியை இறக்கி மேலால் பார்த்தேன், தானே திருத்திக்கொள்ளட்டும் என்று. அது திருத்திக்கொள்ளவில்லை. அசையாமல் என்னைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றது. கடைசியில் பதில் சொன்னது நான்தான். “சரி” என்றேன். அந்தப் பார்வைக்கு நானே பதில் சொன்னது வாழ்க்கையில் முதல் தடவை.

ஆகவே மேலே எழுதிய எதையும் செய்யாதே. நான் கொழும்புக்குப் போகிறேன். அங்கேயும் அதே முறைதான், மேடையில் ஏறிக் கண்ணாடியை இறக்கிவிட்டு நிற்பேன், மண்டபம் நிறைய ஆசிரியர்கள், யாராவது எழும்பாமலா போவார்கள்? நாற்பத்தைந்து நிமிடத்தையும் அவர்களே பேசி முடிக்கட்டும். சோதனைச் சாவடியில் மறித்தால், பெட்டைப் பறவை வருகிறது என்று சொல்லிக்கொள்கிறேன். டெலிபோனில் பாதி விளங்கி நீ ஏற்கெனவே தந்தி அடித்திருப்பாயோ என்று பயமாயிருப்பதால்தான் இதைக் கிழிக்காமல் அனுப்புகிறேன். அடித்திருந்தால் குறை நினைக்காதே தம்பி, இப்போது என்னால் வர முடியாது. டிசம்பரில் பிள்ளைகள் எழுதி முடிக்கும்வரை எப்படியாவது உயிரோடு இரு.